நூலகர் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது?

கல்யாண வீட்டில் ஒருவர் தன்னை நூலகர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "நிம்மதியான வேலை, நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம்" என்பது ஒன்று. "எல்லாம்தான் கைப்பேசியிலேயே வந்துவிட்டதே, இனி உங்களுக்கு என்ன வேலை?" என்பது மற்றொன்று. சொல்கிறவர்கள் மேல் குற்றமில்லை. நூலகரின் வேலையில் வாசகர் கண்ணில் படுவது கடைசி அரை நிமிடம் மட்டும்தான்: தேதி முத்திரை குத்திப் புத்தகத்தை நீட்டுவது. அதற்கு முந்தைய வேலையெல்லாம் நடக்கும்போது வாசகர் அங்கே இருப்பதில்லை.

கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒன்பது தளங்கள். அங்கே நுழைந்து நமக்கு வேண்டிய ஒரே ஒரு நூலைச் சில நிமிடங்களில் கையில் எடுக்க முடிகிறதென்றால், அந்த நூல் எங்கே நிற்க வேண்டும் என்று யாரோ எப்போதோ யோசித்து முடிவு செய்திருக்கிறார்கள். நாம் எந்தெந்தச் சொல்லால் அதைத் தேடக்கூடும் என்றும் ஊகித்து வைத்திருக்கிறார்கள். வாசகர் தன் பேச்சுமொழியில் கேட்கிறார். புத்தகங்களோ எண் வரிசையில் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே பாதை போடுவதுதான் நூலகரின் தொழில். இந்தக் கட்டுரை அந்தப் பாதை எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பற்றியது.

"சர்க்கரைக்கு ஒரு புத்தகம் வேண்டும்"

ஒரு கிளை நூலகத்தின் மேசைக்கு முன்னால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்து, "சர்க்கரைக்கு ஒரு புத்தகம் வேண்டும்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேள்வி எளிதாகத் தெரிகிறது. ஆனால் அவர் நீரிழிவு நோயைக் கேட்கிறாரா? அந்த நோய் உள்ளவருக்கு வீட்டில் என்ன சமைக்கலாம் என்று பார்க்க வந்தாரா? கரும்பு பயிரிடுகிற விவசாயியா? சர்க்கரை ஆலையில் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறவரா? நான்கும் நான்கு வெவ்வேறு அலமாரிகள்.

பழக்கமில்லாத நூலகர் கணினியில் 'சர்க்கரை' என்று தட்டி, வந்த முதல் நூலை எடுத்துக் கொடுப்பார். பழகியவர் கேட்பார்: "அதில் எதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள் ஐயா?" இப்படி வாசகரிடம் பேசி, அவருடைய உண்மையான தேவையைக் கண்டுபிடித்து, அதற்குப் பொருத்தமான தகவலைத் தருவதற்குக் குறிப்புதவிப் பணி என்று பெயர். அமெரிக்காவில் சாமுவேல் கிரீன் என்ற நூலகர் 1876-லேயே இதைப் பற்றி எழுதினார். நூலகர் வாசகரோடு பேசிப் பழக வேண்டும், அவர் தேடுவதைக் கண்டடைய உதவ வேண்டும் என்பது அன்றைக்குப் புதுக் கருத்து.

இதில் நுணுக்கம் கேள்வியின் வடிவத்தில் இருக்கிறது. "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்றால் காவல் நிலைய விசாரணை போல ஆகிவிடும். "உங்களுக்குச் சர்க்கரை நோயா?" என்று பத்துப் பேர் முன்னிலையில் கேட்டால் அவர் மறுமுறை அந்தப் பக்கமே வரமாட்டார். மூடிய கேள்வி, அதாவது ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி, கடைசியில்தான் வர வேண்டும்: "அப்படியானால் வீட்டில் சமைப்பதற்கான குறிப்புகள்தான் முக்கியம், சரிதானே?"

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனக்கு வேண்டியதைத் தனக்கென்று கேட்கக் கூசுகிறவர்கள் அதிகம். "பக்கத்து வீட்டுக்காரருக்கு", "மருமகளுக்கு" என்று சொல்லிக் கேட்பார்கள். உண்மையாகவே பேரனின் பள்ளிப் பணிக்காகத் தாத்தா வந்து நிற்பதும் உண்டு. பேரன் என்ன கேட்டான் என்பது தாத்தாவுக்குப் பாதிதான் நினைவிருக்கும். இந்த இரண்டு வகையையும் முகத்தைப் பார்த்தே பிரித்தறியவும், அறிந்ததை வெளிக்காட்டாமல் இருக்கவும் வேண்டும். எந்தப் பாடத்திட்டமும் இதை முழுதாகக் கற்றுக்கொடுத்துவிடாது என்பது என் எண்ணம்.

எல்லையும் ஒன்று இருக்கிறது. எந்த மாத்திரை நல்லது என்று வாசகர் கேட்டால், நூலகர் நூலை எடுத்துத் தரலாம், பக்கத்தைக் காட்டலாம். ஆலோசனை சொல்லக் கூடாது. அது மருத்துவரின் வேலை.

சுருக்கமாக: வாசகர் முதலில் சொல்லும் சொல் அவருடைய தேவை ஆகாது, தேவைக்கான வாசல் மட்டுமே. நூலகரின் முதல் திறமை, அவசரப்படாமல் கேட்பது.

நூலுக்கு முகவரி கொடுப்பது

தேவை புரிந்துவிட்டது. இப்போது நூலைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு அஞ்சல் துறையின் பின்கோடு நல்ல ஒப்புமை. எழும்பூரின் பின்கோடு 600008. முதல் இலக்கம் 6 என்றால் தெற்கு மண்டலம். 600 என்றால் சென்னை. கடைசி மூன்று இலக்கங்கள் எழும்பூர் அஞ்சலகம். இடமிருந்து வலம் போகப் போக வட்டம் சுருங்குகிறது. ஊர் பெயரைத் தப்பாக எழுதினாலும் எண் சரியாக இருந்தால் கடிதம் போய்ச் சேரும்.

நூல்களுக்கும் இப்படித்தான். அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையில் 600 என்றால் தொழில்நுட்பமும் பயன்பாட்டு அறிவியலும் (சென்னையின் எண்ணோடு ஒத்துப்போவது தற்செயல்தான்). 610 மருத்துவம். 616 நோய்கள். 616.462 நீரிழிவு. நம் ஐம்பது வயதுக்காரர் சமையல் குறிப்புக்கு வந்திருந்தால் 641.5-க்குப் போக வேண்டும். கரும்புச் சாகுபடி 633.61-இல் இருக்கிறது, சர்க்கரைத் தயாரிப்பு 664.1-இல். பேச்சில் ஒரே சொல், அலமாரியில் நான்கு இடம்.

ஒரு நூல் எதைப் பற்றியது என்று முடிவு செய்து, அதற்குரிய எண்ணைக் கொடுப்பதற்குப் பகுப்பாக்கம் என்று பெயர். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் சிறு காகிதத்தில் இந்த எண்ணும், அதே பொருளில் உள்ள மற்ற நூல்களிலிருந்து அந்த நூலைப் பிரித்துக்காட்டும் ஒரு குறியீடும் இருக்கும்.

எண்ணை மனப்பாடம் செய்வதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அட்டவணை அச்சிட்டுக் கையில் இருக்கிறது. எதைப் பற்றியது என்று முடிவு செய்வதுதான் கடினம். தமிழ் நூல்களின் தலைப்புகள் கவித்துவமானவை. 'மண்' என்ற தலைப்போடு ஒரு புத்தகம் வந்தால் அது நாவலாக இருக்கலாம், இயற்கை வேளாண்மையாக இருக்கலாம், ஒரு ஊரின் வரலாறாகவும் இருக்கலாம். முன்னுரை, பொருளடக்கம், பின்னட்டை, தேவைப்பட்டால் நடுவே சில பக்கங்கள் என்று புரட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நூலகர் 'படித்துக்கொண்டிருப்பது' போல நமக்குத் தோன்றுவது பெரும்பாலும் இந்த வேலைதான். ஒரு நூல் இரண்டு பொருள்களைத் தொட்டால் எந்த வாசகர் அதை அதிகம் தேடுவார் என்று யோசித்து ஒரு பக்கம் சாய வேண்டும். அச்சிட்ட நூல் இரண்டு இடத்தில் நிற்க முடியாதே.

டூயியின் முறைக்குத் தமிழ்நாட்டில் ஒரு எரிச்சலான பக்கமும் உண்டு. அது வரையப்பட்ட இடத்தின் உலகப் பார்வை அதில் தெரியும். இலக்கியத்துக்கான 800 வரிசையில் ஆங்கிலமும் ஜெர்மனும் பிரெஞ்சும் ஆளுக்கொரு பெரிய அறை எடுத்துக்கொண்டன. தமிழுக்குக் கிடைத்ததோ 'இதர மொழிகள்' என்ற கடைசிக் கூடத்தின் மூலையில் 894.811. நாவல், கவிதை, நாடகம் என்று ஆயிரக்கணக்கான தமிழ் நூல்கள் நிற்கிற நூலகத்தில் எல்லா முதுகிலும் அதே ஆறு இலக்கங்கள் வரும். எனவே அதற்குப் பின்னால் இன்னும் இலக்கங்களைச் சேர்த்து, கவிதைக்கு 894.8111, புனைகதைக்கு 894.8113 என்று நீட்டிப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் போதாமைக்கு ஒரு பதில் சென்னையிலிருந்தே வந்தது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டார். வேலையில் சேர்ந்த புதிதில் சலித்துப்போய்ப் பழைய ஆசிரியர் வேலைக்கே திரும்பிவிட நினைத்தவர் அவர். லண்டனுக்குப் படிக்கப் போனபோது, ஒரு கடையில் துண்டு துண்டான உலோகப் பாகங்களைக் கோத்து விதவிதமான பொம்மைகள் செய்யும் மெக்கானோவைப் பார்த்தார். பொருள்களுக்கு முன்கூட்டியே முழு எண் கொடுத்து வைக்காமல், பாகங்களாகப் பிரித்து வைத்து, வேண்டியபோது கோத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தார். 1933-இல் வெளியான கோலன் பகுப்பு முறை அந்த யோசனையின் விளைவு.

அதன் அடிப்படை இதுதான். 'இந்தியாவில் 1950-களில் நுரையீரல் காசநோய்க்கான சிகிச்சை' என்று ஒரு நூல் வந்தால், டூயி முறையில் அதற்கு நெருக்கமான ஓர் இடத்தைத் தேட வேண்டும். கோலன் முறையிலோ துறை மருத்துவம், உறுப்பு நுரையீரல், நோய் காசம், செயல் சிகிச்சை, இடம் இந்தியா, காலம் 1950-கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீட்டை எடுத்து, நிறுத்தக்குறிகளால் கோத்து ஓர் எண்ணை உண்டாக்கலாம். இப்படிப் பொருளின் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக எடுக்கும்போது அந்தப் பக்கத்துக்கு முகப்பு என்று பெயர். இணையத்தில் துணி வாங்கும்போது நிறம், அளவு, விலை என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து வடிகட்டுகிறோமே, அதன் அடியில் இருப்பதும் இதே சிந்தனைதான். டூயியின் முறை உலகெங்கும் பரவிய அளவுக்குக் கோலன் பரவவில்லை. எண்கள் நீளமாக, கண்ணுக்குச் சிக்கலாக இருந்ததும் ஒரு காரணம்.

ஆசிரியர் ஒருவர், பெயர் நான்கு

நூலின் எண், தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஆண்டு போன்ற விவரங்களை ஒரே ஒழுங்கில் பதிந்து வைத்திருப்பது நூற்பட்டியல். ஒரு காலத்தில் இழுப்பறைகளில் அட்டைகளாக இருந்தது. இன்று பெரும்பாலும் கணினியில் இருக்கிறது. நியூசிலாந்தில் உருவான கோஹா என்ற கட்டற்ற மென்பொருளை இந்தியாவிலும் ஏராளமான நூலகங்கள் பயன்படுத்துகின்றன.

கணினி வந்ததும் எல்லாம் சுலபமாகிவிட்டது என்று நினைப்பவர்கள் தமிழ்ப் பெயர்களைப் பட்டியலிட்டுப் பார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை, முன்னெழுத்துத்தான். அதை முன்னால் போட்டு வரிசைப்படுத்தினால் 'ரா'-வில் தொடங்குகிற பாதித் தமிழ்நாடு ஒரே இடத்தில் குவியும். அதனால் 'கிருஷ்ணமூர்த்தி, ரா.' என்று பெயரை முன்னும் முன்னெழுத்தைப் பின்னும் மாற்றுவார்கள். ஆனால் அவரை யார் கிருஷ்ணமூர்த்தி என்று தேடுவார்கள்? வாசகர் தேடுவது 'கல்கி'. அந்தப் பெயரிலோ 1941-இல் தொடங்கிய ஒரு வார இதழும் இருக்கிறது, திருமாலின் பத்தாவது அவதாரமும் இருக்கிறது. சுஜாதா என்று தேடினால் எஸ். ரங்கராஜன் வர வேண்டும். மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டவர் என்று தெரியாமல் பட்டியலிடுகிறவர் அவரைப் பெண் எழுத்தாளர் வரிசையில் சேர்த்துவிடவும் கூடும். உ.வே.சா. என்று ஒருவர் தேடுவார், சாமிநாதையர் என்று இன்னொருவர், சுவாமிநாத ஐயர் என்று மூன்றாமவர்.

இதற்குத் தீர்வாக, ஓர் ஆசிரியரின் ஒரு பெயரை நிலையான பெயராகத் தேர்ந்தெடுத்து, மற்ற வடிவங்கள் அனைத்தையும் அதோடு இணைத்து வைப்பார்கள். இதைப் பெயர் நிலைப்படுத்தல் என்று சொல்லலாம். யார் எந்த வடிவத்தைத் தட்டினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள். இணையத் தேடுபொறி பலநேரம் ஊகித்துத் தருவதை நூலகர் உறுதிசெய்து தருகிறார். ஒரே பெயருள்ள இருவரைப் பிரிப்பதும் இதில் அடக்கம். அதற்குப் பிறந்த ஆண்டு, ஊர், துறை என்று எதையாவது தேடிப் பிடிக்க வேண்டும்.

எழுத்துருச் சிக்கல் தனிக் கதை. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான குறியீடு தருகிற யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழ் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறியேற்றம் வைத்திருந்தன. அன்று உள்ளிட்ட பட்டியலை இன்று திறந்தால் கிறுக்கல்கள் தெரியும். மாற்றி எடுத்து, வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகு நிலைமை தெளிந்தது. ஆனாலும் யூனிகோடிலேயே 'கொ' என்ற எழுத்தின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. மென்பொருள் இரண்டையும் சமமாக்கிக் கொள்ளாவிட்டால் 'கொற்கை' என்ற நூல் பட்டியலில் இருந்தும் தேடலில் வராது. "கணினியில் இல்லையே" என்ற பதிலைக் கேட்டு எத்தனை வாசகர்கள் திரும்பிப் போயிருப்பார்களோ.

சுருக்கமாக: பகுப்பாக்கம் நூலை அலமாரியில் ஓரிடத்தில் நிறுத்துகிறது. நூற்பட்டியல் பல சொற்களிலிருந்து அந்த ஓரிடத்துக்கு வழிகாட்டுகிறது.

கையால் செய்யும் வேலைகள்

தவறான இடத்தில் செருகப்பட்ட நூல் தொலைந்த நூலுக்குச் சமம். அதனால்தான் பல நூலகங்களில் "எடுத்த நூலை மேசையிலேயே வையுங்கள்" என்று எழுதி வைத்திருப்பார்கள். நாம் உதவி செய்வதாக நினைத்து நாமே திருப்பி வைத்துவிடுகிறோம். அலமாரி அலமாரியாக எண் வரிசையைச் சரிபார்ப்பது அலுப்பான வேலை, ஆனால் அதை விட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண்.

சென்னையின் ஈரக்காற்று காகிதத்துக்குப் பகை. பூஞ்சை, கரையான், புத்தகத்தைத் துளைக்கும் இராமபாணப் பூச்சி என்று எதிரிகள் பல. கிழிந்த பக்கத்தில் செலோடேப் ஒட்டக் கூடாது என்பது நூலகர்கள் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று: சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுத்துவிடும். ஓலைச்சுவடிகளைக் காக்கிற இடங்களில் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவார்கள். ஓலை வளைந்துகொடுக்கும், பூச்சியும் அண்டாது.

எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். எழும்பூர் பாந்தியன் சாலையில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. காப்பதுதான் அதன் கடமை. உங்கள் தெருவிலுள்ள கிளை நூலகம் அப்படி இருக்க முடியாது. காலாவதியான வரிச்சட்டக் கையேடும், பழைய மருத்துவக் குறிப்பும் அங்கே இருந்தால் இடத்தை அடைப்பதோடு வாசகரைத் தவறான வழியிலும் விடும். கழிக்காத நூலகம் வளராது. புத்தகத்தைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் கொதிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நம் வீட்டுச் சொத்துவரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். சொத்துவரியில் பத்து விழுக்காடு. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டமும் அதுவே. அதன் பின்னணியிலும் ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது.

பட்டம் வாங்கிய பிறகு படிப்பது

சான்றிதழ் படிப்பு, இளநிலை, முதுநிலை என்று நூலக அறிவியலில் படிகள் உண்டு. பொது நூலகத் துறையில் ஊர்ப்புற நூலகர், மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை நூலகர் என்று பதவிகள் ஏறும். கல்லூரி நூலகருக்குத் தேசியத் தகுதித் தேர்வு வேறு. இந்தியாவில் இந்தக் கல்விக்கு ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று சென்னையில்தான் நடந்தது: ரங்கநாதன் 1928-இல் உருவான சென்னை நூலகச் சங்கத்தின் மூலம் 1929-இல் கோடைப் பயிற்சி வகுப்பு நடத்தினார். பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொண்டது.

ஆனால் வேலையின் இரண்டு முனைகளும் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. வாசகர் கேட்கும் சொற்கள் மாறுகின்றன, தகவல் கிடக்கும் இடங்களும் மாறுகின்றன. அட்டை இழுப்பறையில் வேலை தொடங்கியவர் நடுவயதில் மென்பொருள் கற்றார். கல்லூரி நூலகர் இன்று மின்னிதழ்ச் சந்தாக்களை ஒப்பிட வேண்டும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் சேர்ந்திருக்கும் சோத்கங்காவில் மாணவருக்குத் தேடிக் காட்ட வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடுகிற போலி ஆய்விதழை அடையாளம் காட்ட வேண்டும். பொது நூலகர் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் எந்தப் பழைய நூல் இலவசமாகக் கிடைக்கும் என்று அறிந்திருக்க வேண்டும். போட்டித் தேர்வுப் பாடத்திட்டம் மாறினால், மாணவர்கள் வந்து கேட்பதற்குள் அது அவர் மேசைக்கு வந்திருக்க வேண்டும். புத்தாக்கப் பயிற்சிகள் நடக்கின்றன. அவை மட்டும் போதா. நல்ல நூலகர்கள் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கிறார்கள். பக்கத்துக் கிளைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து "இதை நீங்கள் எந்த எண்ணில் போட்டீர்கள்?" என்று கேட்பதும் தொடர்கல்விதான்.

அண்மையில் சேர்ந்திருக்கும் பாடம் செயற்கை நுண்ணறிவு. உரையாடல் செயலி பரிந்துரைத்த நூல்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வாசகர்கள் வருகிறார்கள். ஆசிரியர் உண்மையானவர், தலைப்பு நம்பும்படி இருக்கிறது, நூல் மட்டும் உலகத்தில் இல்லை. அந்தச் செயலிகள் சொற்கள் எப்படித் தொடர்ந்து வரும் என்று கணித்து எழுதுகின்றனவே தவிர, அலமாரியைப் பார்த்துச் சொல்வதில்லை. இதைப் பிடிக்க நூலகரிடம் ஒரு பழைய கருவி இருக்கிறது. நூல்களின் பின்னட்டையில் அடையாளத்துக்காக அச்சிடப்படும் பதின்மூன்று இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணையும் செயலி தந்திருந்தால், அதன் இலக்கங்களை வரிசையாக ஒன்றாலும் மூன்றாலும் மாற்றி மாற்றிப் பெருக்கிக் கூட்டினால், மொத்தம் பத்தால் மீதமின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எண்ணில் பிழை இருக்கிறது, அல்லது எண்ணே கற்பனை. வகுபட்டாலும் விடாமல், பதிப்பாளரின் பட்டியலிலும் மற்ற நூலகங்களின் பட்டியல்களிலும் தேடிப் பார்ப்பார்கள். எங்கும் இல்லையென்றால், இல்லாத நூலைத் துரத்துவதில் பயனில்லை. செயலியிடம் வாசகர் எதைக் கேட்டார் என்பதிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். ஆகவே அப்படிப்பட்ட பட்டியலோடு நூலகத்துக்குப் போகிறவர்கள், செயலியில் தாங்கள் தட்டிய கேள்வியையும் சேர்த்து எடுத்துப் போவது நல்லது.